அன்பா, தர்மமா?

'லவ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் நாட்டில் அவ்வளவாக நல்ல பெயர் கிடையாது. 'எதிர்வீட்டுப் பெண் லவ் பண்ணுகிறாளாம்' என்று ஒரு மாமி இன்னொரு மாமியிடம் சொல்லும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. சினிமா எடுக்கிறவர்களுக்குச் சோறு போடுகிற சொல் அதுதான். ஆனாலும் வீட்டுக் கூடத்தில், பெரியவர்கள் முன்னிலையில், அதை உச்சரிக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 'அன்பு' என்றால் கூச்சமில்லை. 'பக்தி' என்றால் இன்னும் விசேஷம்.

இந்தக் கூச்சம் நமக்கு மட்டும் சொந்தமான சொத்து என்று நினைக்க வேண்டாம். ஐந்நூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்திலேயே, ஐரோப்பா முழுவதும் மெச்சிய ஒரு பெரிய அறிவாளி, ஏறக்குறைய அந்த மாமியின் ஆட்சேபத்தையே புத்தகமாக அச்சடித்து வெளியிட்டார். பைபிளில் போய் இந்தச் சொல்லைப் போடலாமா என்பதுதான் வழக்கு. எதிர்க்கட்சிக்காரர் போடலாம் என்றார், போட்டும் விட்டார். வாதியும் பிரதிவாதியும் பதினைந்து மாத இடைவெளியில் மரண தண்டனைக்கு ஆளானார்கள். இந்த ஒரு சொல்லுக்காகவே இருவரும் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல் சும்மா கிடக்கிற சரக்கு அல்ல என்பது அவர்கள் இருவருக்குமே நன்றாகத் தெரிந்திருந்தது.

பைபிளின் புதிய ஏற்பாட்டில், பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பதின்மூன்றாம் அத்தியாயம் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தெரிந்த பகுதி. மனிதனிடம் வேறு என்ன மேன்மை இருந்தாலும், இது ஒன்று இல்லாவிட்டால் எல்லாம் வெறும் ஓசை என்கிறார் பவுல். அந்த 'இது' என்ன? கிரேக்க மூலத்தில் 'அகபே' என்ற சொல் இருக்கிறது. லத்தீன் பைபிளில் அது 'காரிட்டாஸ்' ஆயிற்று. 'காருஸ்' என்றால் லத்தீனில் அருமையானது என்று பொருள். நாம் 'அருமைக் குழந்தை' என்றும் சொல்கிறோம், 'இந்தக் காலத்தில் நல்ல நெய் அருமை' என்றும் சொல்கிறோம் அல்லவா? அதே மாதிரி, விலை ஏறிய பொருளும் 'காருஸ்' தான், நெஞ்சுக்கு இனிய ஆளும் 'காருஸ்' தான்.

பழைய ஆங்கிலேயர்கள் இந்தக் 'காரிட்டாஸ்' என்ற சொல்லைத் தங்கள் பாஷையில் எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது. 'லுஃபு' என்று அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. இன்றைய 'லவ்' அதன் பேத்தி. தாய் பிள்ளையிடம் வைப்பதும் லுஃபு, ஆண் பெண்ணிடம் வைப்பதும் லுஃபு, அடியான் ஆண்டவனிடம் வைப்பதும் லுஃபு. சுமார் 1000-ம் ஆண்டில் வாழ்ந்த ஏல்ஃப்ரிக் என்ற துறவி தம் பிரசங்கங்களில் காரிட்டாஸைச் சொல்ல வேண்டி வந்தபோது, 'மெய்யான லுஃபு' என்று ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான், காரியம் முடிந்தது. வெளியூரிலிருந்து சொல் இறக்குமதி செய்ய அவருக்குத் தோன்றவில்லை.

1066-ம் ஆண்டில் நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனைக்கும் நீதி ஸ்தலத்துக்கும் மடாலயத்துக்கும் பிரெஞ்சுச் சொற்கள் வந்து குடியேறின. மாட்டை மேய்த்தவன் ஆங்கிலத்தில் மேய்த்தான். மாட்டிறைச்சியைத் தின்றவன் பிரெஞ்சில் தின்றான். காரிட்டாஸின் பிரெஞ்சுப் பிள்ளையாகிய 'சாரிட்டி'யும் அந்தக் கூட்டத்தோடு வந்து கோயிலுக்குள் உட்கார்ந்து கொண்டது. 1380-களில் விக்லிஃப்பின் சீடர்கள் லத்தீனிலிருந்து பைபிளை ஆங்கிலமாக்கியபோது, பவுலின் அத்தியாயத்தில் சாரிட்டி என்றே எழுதினார்கள். வீட்டில் லவ், கோயிலில் சாரிட்டி என்று பாகப்பிரிவினை ஆகிவிட்டது.

இங்கே கொஞ்சம் வழி விலகிப் போக வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். மொழி நூலார் சொல்லும் ஒரு செய்தியை விட்டுவிட மனம் வரவில்லை. இந்த இரண்டு சொற்களுக்கும் நம் பக்கத்தில் உறவினர் இருக்கிறார்கள். 'லவ்' என்ற சொல்லும் சமஸ்கிருதத்து 'லோப'மும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆசை என்ற வேர் அங்கே அன்பாகத் தழைத்தது; இங்கே பேராசையாகத் தழைத்து, தமிழுக்குள் வந்து, கையை நீட்டிக் காலணா கொடுக்காத 'உலோபி' ஆயிற்று. சாரிட்டியின் தாயாகிய 'காருஸ்' என்ற சொல்லுக்கு உறவினர் யார் தெரியுமா? 'காமம்'! கோயிலுக்குள் உட்கார்ந்த புனிதச் சொல்லுக்குக் காமம் தாயாதி. தெருவில் திரிந்த சொல்லுக்கு உலோபி தாயாதி. அந்தக் காமத்தின் கதைதான் என்ன? வள்ளுவர் காலத்தில் அது நூலின் ஒரு பாலுக்கே பெயராக நிமிர்ந்து நின்றது. பிற்காலத்தில் பதிப்பாளர்களே கூசிப்போய் 'இன்பத்துப்பால்' என்று அச்சடிக்கும்படி ஆகிவிட்டது. சொற்களுக்கும் ஏழரை நாட்டுச் சனி உண்டு போலும்.

பாகப்பிரிவினையைக் கலைத்தவர் வில்லியம் டிண்டேல். குளோஸ்டர்ஷயர் கிராமத்துப் பக்கத்தில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர், பாதிரியார். ஒரு பிரபு வீட்டில் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்த காலத்தில், விருந்துக்கு வந்த படித்த பாதிரிமார்களோடு வாதாடுவது அவருக்குப் பழக்கம். அப்படி ஒரு வாதத்தில்தான், கடவுள் தமக்கு ஆயுளைக் கொடுத்தால், ஏர் ஓட்டும் பையன் உங்களைவிட அதிகமாக வேதம் அறியும்படி செய்வேன் என்று சூளுரைத்தாராம். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1409-ம் ஆண்டிலிருந்தே, மேற்றிராணியாரின் அனுமதி இல்லாமல் வேதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது குற்றம். 1523-ம் ஆண்டில் லண்டனுக்குப் போய் அங்கிருந்த மேற்றிராணியார் டன்ஸ்டலிடம் ஆதரவு கேட்டார். டன்ஸ்டல் நல்ல பண்டிதர், எராஸ்மஸின் நண்பர். மரியாதையாகவே கையை விரித்துவிட்டார். மறு வருஷம் டிண்டேல் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார். பிறகு அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

கொலோன் நகரத்தில் அச்சு வேலை தொடங்கியது. அதிகாரிகளுக்குத் துப்புக் கிடைத்துவிட்டது. அச்சான தாள்களைச் சுருட்டிக்கொண்டு ரைன் நதி வழியே தப்பி ஓடினார். 1526-ம் ஆண்டில் வோர்ம்ஸ் நகரத்தில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாயிற்று. அதுவும் லத்தீன் வழியாக அல்ல, எராஸ்மஸ் பதிப்பித்த கிரேக்க மூலத்திலிருந்தே நேராக. கையடக்கமான புத்தகம். துணி மூட்டைகளுக்குள் ஒளிந்து இங்கிலாந்துக்கு வந்து இறங்கியது. டன்ஸ்டல் பிரதிகளைத் தேடிப் பிடித்து, லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தில் கொளுத்தினார். போதாதென்று, ஒரு வியாபாரி மூலமாக ஆண்ட்வெர்ப்பிலேயே பிரதிகளை மொத்தமாக விலைக்கு வாங்கி எரித்தாராம். அந்தப் பணத்தைக் கொண்டு டிண்டேல் கடனை அடைத்து, திருந்திய பதிப்புக்கு ஏற்பாடு செய்தாராம். ஹால் என்ற சரித்திராசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். நூலாசிரியர்களுக்கு இப்படிப்பட்ட விரோதிகள் அடிக்கடி வாய்ப்பதில்லை. வோர்ம்ஸில் அச்சானவற்றில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று பிரதிகள்.

அந்தப் புத்தகத்தில் பவுலின் பதின்மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்தவர்கள் திடுக்கிட்டார்கள். சாரிட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் எல்லாம் 'லவ்' உட்கார்ந்திருந்தது.

பதில் எழுதும் பொறுப்பை டன்ஸ்டல் தம் நண்பர் தாமஸ் மோரிடம் ஒப்படைத்தார். 'உடோபியா' எழுதிய அதே மோர்தான். 1529-ம் ஆண்டில் அவருடைய கண்டன நூல் வெளிவந்தது. டிண்டேல் செய்த குற்றங்களில் முக்கியமாக மூன்று சொற்களை அவர் எடுத்துக்கொண்டார். 'சர்ச்' என்ற இடத்தில் சபை. 'பிரீஸ்ட்' என்ற இடத்தில் மூத்தவர். 'சாரிட்டி' என்ற இடத்தில் லவ். மூன்றாவதைப் பற்றி மோர் சொன்னதன் சாரம் இது: அன்பெல்லாம் சாரிட்டி ஆகிவிடாது. நல்லொழுக்கத்தோடும் நெறியோடும் கூடிய அன்புக்கே சாரிட்டி என்று பெயர். லவ் என்பது ஆடவனும் அவன் நாயகியும் கொஞ்சிக்கொள்வதற்கும் வழங்குகிற பொதுச் சொல். அதைக் கொண்டுவந்து இந்த இடத்தில் வைப்பதில் ஏதோ சூது இருக்கிறது.

1531-ம் ஆண்டில் டிண்டேல் விடை எழுதினார். சண்டைக்காரராக இருந்தாலும் காது கூர்மையான மனிதர். ஊரில் ஜனங்கள் சாரிட்டி என்ற சொல்லை எப்போது பேசுகிறார்கள் என்று பாருங்கள் என்றார். பிச்சை போடச் சொல்லும்போது அந்தச் சொல் வருகிறது. கோபக்காரனைப் பொறுமையாக இரு என்று சமாதானப்படுத்தும்போது வருகிறது. பவுல் சொன்ன பொருளில் எந்த ஆங்கிலேயன் அதைப் பேசுகிறான்? அதுவும் தவிர, அது வினையாக வளையாத சொல். கடவுளை லவ் செய், அயலானை லவ் செய் என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். கடவுளைச் சாரிட்டி செய் என்று யாராவது சொல்வார்களா? கிரேக்க 'அகபே' என்ற சொல்லும் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே சாதாரண மக்கள் எல்லா வகை அன்புக்கும் வழங்கி வந்த சொல்தானே என்றும் கேட்டார். போகிற போக்கில் ஒரு குத்தும் குத்தினார். லத்தீனில் 'சபை' என்ற மாற்றத்தை எராஸ்மஸ் செய்தபோது, அவர் உம்முடைய அருமை நண்பர் என்பதால் சும்மா இருந்தீரோ?

வெறும் இலக்கணச் சண்டையாக இருந்தால் இதற்கு இத்தனை ஆவேசம் வந்திராது. சாரிட்டி என்ற சொல்லோடு ஒரு பெரிய குடும்பமே வாழ்ந்து வந்தது. இறந்தவர்களுக்காகப் பூசை வைப்பது, மெழுகுவர்த்திக்குப் பணம் கட்டுவது, மடத்துக்கு நிலம் எழுதி வைப்பது, ஏழைக்கு அன்னமிடுவது ஆகிய இவ்வளவும் சாரிட்டியின் கணக்கில் வரவு. கடைத்தேறும் வழியில் இந்தக் காரியங்களுக்கு இடம் உண்டு என்பது மோரின் கட்சி. நம்பிக்கை ஒன்றே போதும் என்பது லூத்தரின் கட்சி. சாரிட்டியைத் தூக்கிவிட்டு அங்கே லவ்வை உட்கார வைத்தால், மடமும் மணியக்காரரும் இல்லாமலே ஏர் ஓட்டும் பையன் பவுலின் அத்தியாயத்துக்குள் போய்விடுவான். அவனுக்குத் தாய் இருக்கிறாள், தன் மனைவி இருக்கிறாள். அந்தச் சொல் அவனுக்குத் தெரியும். டிண்டேல் வேண்டியதும் அதுதான், மோர் அஞ்சியதும் அதுதான்.

மோர் சொன்னது அபத்தம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். மிகவும் பெரிய சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடலாம் என்ற அவருடைய பயம் நியாயமானதுதான். இன்றைய சினிமாப் பாட்டுக்களைக் கேட்டிருந்தால் இன்னும் இரண்டு பாகம் எழுதியிருப்பார். எழுதத்தான் செய்தார். டிண்டேலுக்கு மறுப்பாக 1532, 1533 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட நூல் ஏறக்குறைய ஐந்து லட்சம் சொற்கள் கொண்டது. அதைப் படித்து முடித்தவர்களுக்கு என் நமஸ்காரம். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் என் ஓட்டு டிண்டேலுக்கே. படிக்கிறவன் வாயில் புழங்காத சொல்லில் அவன் நெஞ்சைத் தொட முடியாது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் சான்ஸ்லராக இருந்த மோர், எட்டாம் ஹென்றி மன்னர் கேட்ட சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்து, 1535-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி தலை கொடுத்தார். அதற்குள் டிண்டேலும் பிடிபட்டிருந்தார். அந்த வருஷம் மே மாதத்தில், நண்பனாக நடித்த ஒருவன் ஆண்ட்வெர்ப்பில் அவரைக் காட்டிக் கொடுத்தான். பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் உள்ள வில்வோர்ட் கோட்டையில் சுமார் பதினாறு மாதம் சிறை. அங்கிருந்து அவர் லத்தீனில் எழுதிய ஒரு கடிதம் பிழைத்திருக்கிறது. குளிர்காலம் வருகிறது, தலையில் சளி கட்டி அவதிப்படுகிறேன், கொஞ்சம் கனத்த குல்லாய் ஒன்று வேண்டும். கனத்த மேலங்கி வேண்டும். கால்சட்டையை ஒட்டுப்போட ஒரு துண்டுத் துணி வேண்டும். இருட்டில் தனியே உட்கார்ந்திருப்பது அலுப்பாக இருக்கிறது, மாலையில் ஒரு விளக்கு வேண்டும் என்று கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கெஞ்சிக் கேட்பது எபிரேய பைபிளும் எபிரேய இலக்கணமும் அகராதியும். பழைய ஏற்பாட்டில் பாதி வேலை பாக்கியிருந்தது. 1536-ம் ஆண்டு அக்டோபரில் அவரைக் கம்பத்தில் கட்டி, கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். மூன்றே வருஷத்தில் ஹென்றி மன்னரின் உத்தரவுப்படியே கோயிலுக்குக் கோயில் ஆங்கில பைபிள் வைக்கப்பட்டது. அதில் பெரும் பகுதி டிண்டேலின் உழைப்பு. அவர் பெயர் மட்டும் அதில் இல்லை.

லவ் ஜெயித்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். 1611-ல் வந்தது ஜேம்ஸ் மன்னரின் பைபிள். அதன் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் டிண்டேலின் வாசகங்களே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் பழைய கோயில் சொற்களை மாற்றக் கூடாது என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு விதி இருந்தது. பவுலின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் லவ்வை வெளியேற்றிவிட்டுச் சாரிட்டியை மறுபடி அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். அந்தச் சின்ன அத்தியாயத்தில் மட்டும் ஒன்பது இடங்களில். கடவுளையே அன்பு என்று யோவான் சொல்லும் இடத்திலோ லவ்வே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல்தான். கடவுளுக்கு லவ், மனிதனுக்குச் சாரிட்டி! மோர் உயிரோடிருந்தால் இதைக் கண்டு சிரித்திருப்பாரா அழுதிருப்பாரா, தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சிம்மாசனம் போட்டு உட்கார வைத்த சொல் அதற்கு முன்பே அந்த வீட்டைக் காலி செய்யத் தொடங்கிவிட்டது. பத்து வருஷத்துக்கு முன், 1601-ல், எலிசபெத் அரசியின் பார்லிமெண்ட் தர்ம சொத்துக்களைப் பற்றி ஒரு சட்டம் செய்தது. எதெல்லாம் சாரிட்டி என்று அதன் முகவுரை அடுக்குகிறது: வயோதிகர், இயலாதவர், ஏழைகள், காயம்பட்ட சிப்பாய்கள், பள்ளிக்கூடங்கள், பாலங்கள், துறைமுகங்கள், நெடுஞ்சாலைகள், அநாதைகள், ஏழைப் பெண்களின் கல்யாணம். அத்தனையும் நல்ல காரியங்களே. ஆனால் அவற்றில் எதுவும் பவுல் சொன்னதல்ல. சொல் கணக்குப் புத்தகத்துக்குள் போய்விட்டது. டிண்டேல் காது கொடுத்துக் கேட்ட அந்தப் பிச்சைச் சொல்லே கடைசியில் மிஞ்சியது.

அதற்குப் பிறகு பவுலின் அத்தியாயத்துக்கு வந்த கதியைப் பாருங்கள். தன் சொத்து முழுவதையும் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தாலும், அது இல்லாவிட்டால் ஒரு பயனும் இல்லை என்று அதில் ஓரிடம் வருகிறது. 'அது' சாரிட்டி என்று போட்டால் என்ன அர்த்தம்? எல்லாவற்றையும் தானம் செய்தாலும் தானம் செய்யாவிட்டால் பயனில்லை என்றல்லவா ஆகிறது! பதினெட்டாம் நூற்றாண்டுப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்திருந்தால் அவன் மேல் குற்றமில்லை.

அந்தப் பையன் சாரிட்டிப் பள்ளிக்கூடத்தில் படித்தவனாகவும் இருக்கலாம். இங்கிலாந்தில் ஊர் ஊராக அப்படிப் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. நம் சென்னைக் கோட்டைக்குள்ளேயே 1715-ம் ஆண்டில் ஒன்று ஏற்பட்டது. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததும் அதே வருஷம்தான். சாரிட்டியில் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு அடையாள உடுப்பும் உண்டு, ஊர் ஏளனமும் உண்டு. டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' படித்தவர்களுக்கு நோவா கிளேபோல் நினைவிருப்பான். கடைப் பையன்கள் தெருவில் அவனைப் பார்த்தால் 'சாரிட்டி' என்று கூவிப் பரிகசிப்பார்கள். பவுலின் உச்சிச் சொல் தெருப் பையன்கள் வாயில் வசவு ஆகிவிட்டது! அவனும் வாயை மூடிக்கொண்டு பட்டுக்கொள்வான். பிறகு தன்னிலும் எளியவனான ஆலிவர் அகப்பட்டதும் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்வான். டிக்கன்ஸுக்கு மனிதர்களைத் தெரியும்.

நமக்கும் இது புதிதல்ல. பாரத யுத்தத்தையே தாங்கி நின்ற 'தர்மம்' என்ற சொல் இன்று கோயில் வாசலில் தகரக் குவளையோடு உட்கார்ந்திருக்கிறது. கட்டணம் இல்லாமல் சுவாமி பார்த்தால் தர்ம தரிசனம். பிக்பாக்கெட்காரனை, சம்பந்தமே இல்லாதவர்கள்கூட ஆளுக்கு ஒரு கை பார்த்தால் தர்ம அடி! உயர்ந்த சொல்லை இலவசம் என்ற பொருளுக்கு இறக்குவதில் ஆங்கிலேயர்களுக்கு நாம் சளைத்தவர்கள் அல்ல. நல்ல வேளையாகத் தமிழ் பைபிளில் பவுலின் அந்த அத்தியாயத்துக்கு 'அன்பு' என்ற சொல் வாய்த்தது. ஏர் ஓட்டும் பையனுக்கும் தெரிந்த சொல்.

1881-ம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்துப் பண்டிதர்கள் ஜேம்ஸ் மன்னரின் பைபிளைத் திருத்தி, புதிய ஏற்பாட்டை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அதைப் படிக்க இருந்த ஆவலில், சிகாகோப் பத்திரிகைகள் இரண்டு புத்தகம் முழுவதையும் ஒரே இதழில் அச்சடித்துவிட்டன. ஒன்பது சாரிட்டிகளும் போய், லவ் திரும்பி வந்திருந்தது. டிண்டேல் இறந்து முந்நூற்று நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. பொருள் சரிதான், ஆனால் ஓசை போயிற்றே என்று பழைய வாசகத்தில் ஊறியவர்கள் முணுமுணுத்தார்கள். மூன்று அசைச் சொல் நின்ற இடத்தில் ஓரசைச் சொல் நின்றால் காது உறுத்தத்தான் செய்யும்.

1997-ம் ஆண்டு செப்டம்பரில், விபத்தில் இறந்த டயானாவின் இறுதிச் சடங்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்தது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. பிரதம மந்திரி டோனி பிளேர் எழுந்து பவுலின் பதின்மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தார். வாசகம் ஜேம்ஸ் மன்னரின் பழைய வாசகம். அதே நடை, அதே ஓசை. சாரிட்டி வரும் ஒன்பது இடங்களில் மட்டும் அவர் லவ் என்று படித்தார்.